கால் சுடுகிறது என்றான் தனபால்

பேட்டரியை மாற்றச் சொல்வதற்கு ஒரு வாய் இருந்தால் போதும். அதற்கு எலக்ட்ரீஷியன் எதற்கு? டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவரே சொல்லிவிடுவார், "பேட்டரி வீக்கா இருக்கும்பா, மாத்திப் பாரு" என்று. அவரிடம் ஒரு நல்ல குணமாவது உண்டு. சொன்னதற்குக் கூலி கேட்கமாட்டார்.

புதிதாகக் கடை போட்டிருக்கிற தம்பிகளே, உங்களைத்தான் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளுங்கள், எனக்கு நஷ்டமில்லை. ஆம்பூர் பைபாஸ் ஓரமாக நடந்து போனால் எத்தனை போர்டு! எல்லாவற்றிலும் ஆட்டோ எலக்ட்ரிக்கல் என்று போட்டிருக்கிறது. உள்ளே நடப்பது மாற்றுகிற வேலை. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா, பேட்டரியை மாற்று. அப்போதும் ஆகவில்லையா, இன்ஜினைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டாரை மாற்று. அதற்கும் மசியவில்லையா, டிரைவர் மேல் பழியைப் போட்டு அவனையும் மாற்று. இந்த மூன்றாவது வைத்தியம் நடக்கவிருந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அதற்கு முன் ஒன்று. எனக்குத் தொழில் கற்றுத் தந்தவரைப் பற்றி உருகி எழுத என்னிடம் எதுவும் இல்லை. அவர் தந்ததில் பாதி வசவு, மீதி குட்டு. ஆனால் ஒரே ஒரு பேச்சு உருப்படியாகப் பேசினார். "ஸ்பேனரத் தொடறதுக்கு முன்னாடி ஓட்டறவன்கிட்ட பேசுடா." அவர் எந்த டிரைவரிடமும் முகம் கொடுத்துப் பேசியதில்லை என்பது வேறு விஷயம். ஊருக்குத்தான் உபதேசம். இருந்தாலும் அந்த உபதேசம் சரியானது, நான் வைத்துக்கொண்டேன்.

கரீம் பாய் என்று ஆம்பூரில் ஒரு தோல் வியாபாரி. பச்சைத் தோலை வாங்கி, தன் மண்டியில் உப்புப் போட்டு அடுக்கி, தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்குத் தள்ளிவிடுகிறவர். அவரிடம் ஒரு பழைய டீசல் மினி லாரி இருந்தது. வருடம் முழுக்க உப்புத் தோல் ஏற்றின வண்டி. பலகை இடுக்கு வழியாக உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி அடியில் சேஸிஸ் சட்டம் முழுக்கத் துருவேறிக் கிடந்தது. அதை ஓட்டியவன்தான் தனபால், கணியம்பாடிப் பக்கத்துக்காரன்.

தனபாலைப் பற்றி ஒரே வரியில் சொல்வதானால், அவன் வாயைத் திறந்தால் பொய். சோளிங்கர் மலைப் படியில் பாதி தூரம் லாரியை ஏற்றி, ரிவர்ஸிலேயே இறக்கினேன் என்று சத்தியம் செய்வான். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் பிரேக் போன வண்டியை ஒற்றைக் காலை வெளியே ஊன்றி நிறுத்தினேன் என்பான். கேட்பவர்கள் சிரிப்பார்கள், அவனும் சேர்ந்து சிரிப்பான், பிறகு இன்னொன்று ஆரம்பிப்பான். ஆனால் வண்டி விஷயத்தில் அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. கேபினில் செருப்போடு ஏறமாட்டான். ஏறும் முன் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உட்காருவான். வெறுங்காலால்தான் ஓட்டுவான். நம் பக்கத்து டிரைவர்கள் பாதிப் பேர் இப்படித்தான், உங்களுக்கும் தெரியும்.

நான் கடையை மூடுவதற்கு முந்தைய பக்ரீத் அது. இப்போதெல்லாம் பக்ரீத் கத்திரி வெயிலோடு கைகோத்துக்கொண்டு வருகிறது. பண்டிகை அன்று தெருத்தெருவாகத் தோல் சேரும். வெட்டின சூட்டோடு வருகிற தோல், ஒரு பொடி உப்பு கூடப் படாதது. வெயிலில் சில மணி நேரம்தான் தாங்கும். அதற்குள் மண்டிக்குப் போய் விரித்து உப்புப் போட வேண்டும், இல்லாவிட்டால் அழுகத் தொடங்கிவிடும். அழுகலுக்கு முதல் அடையாளம், மயிரைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அப்படி வந்துவிட்டால் எந்தத் தொழிற்சாலையும் அதைத் திரும்பிப் பார்க்காது, குழி தோண்டிப் புதைக்க வேண்டியதுதான்.

தனபால் வேலூரில் சேர்த்த தோலையெல்லாம் ஏற்றிக்கொண்டு, கடைசியாகப் பள்ளிகொண்டாவில் ஒரு சந்துக்குள் போய் அங்கே சேர்ந்ததையும் ஏற்றியிருக்கிறான். சந்தில் ஒரு அம்மா, "புகைய வூட்டுக்குள்ள வுடாதப்பா, புள்ளைக்கு இருமல்" என்று சத்தம் போட, இவன் இன்ஜினை அணைத்திருக்கிறான். திரும்பச் சாவி போட்டபோது வண்டி "டக்" என்றது. அவ்வளவுதான்.

கரீம் பாய்க்கு போன் போயிற்று. அவர் எதிலும் ஒருவரை நம்பி நிற்கிற ஆள் இல்லை. வேலூரிலிருந்து செந்தில் என்ற எலக்ட்ரீஷியனை அங்கே வரச் சொல்லிவிட்டு, என் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். பண்டிகைக்குப் போட்ட வெள்ளை ஜிப்பா வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. "ஏறு மாணிக்கம், பேஜாராய்டுச்சு" என்றார். வழியெல்லாம் தனபாலைத் திட்டிக்கொண்டே ஓட்டினார்.

நாங்கள் போனபோது சந்தில் கூட்டம். அந்த மினி லாரி அடையாளமே தெரியவில்லை. ஓடத் தகுதியுள்ள வண்டிதான் என்று சான்று வாங்குவதற்காக, எஃப்.சி.க்குக் கொண்டுபோகும் முன் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கேபினுக்கு நீலம், சேஸிஸுக்குக் கறுப்பு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. நிற்கத்தான் செய்தது, நகரவில்லை. எஃப்.சி. வாங்கின நாளிலிருந்தே அவ்வப்போது இந்த டக் சத்தம் வந்திருக்கிறது. அந்த வாரம்தான் பேட்டரி புதிது போட்டிருந்தார்கள். செல்ஃப் மோட்டாரையும் கழற்றிப் பிரித்து வேலை பார்த்திருந்தார்கள். எல்லாம் செந்திலின் கைங்கரியம்.

தள்ளிப் பார்க்கலாமே என்பீர்கள். பார்த்தார்கள். சந்து மேட்டைப் பார்த்து இருந்தது, வண்டியிலோ முழு லோடு. தெருவே சேர்ந்து தள்ளியும் ஒரு முழம் போய், திரும்ப ஒன்றரை முழம் வந்தது. வேறு வண்டியில் மாற்றலாமே என்பீர்கள். பச்சைத் தோல் வடிகிற வண்டியில் அப்புறம் யார் கல்யாணச் சாமான் ஏற்றுவார்கள்? ஒருவரும் வரவில்லை. ஒரு புத்திசாலி மளிகைக் கடைக்கு ஓடி, இருந்த தூள் உப்பு பாக்கெட்டையெல்லாம் வாரிக்கொண்டு வந்தான். தெருவுக்கே சாம்பார் வைக்கலாம், அதற்குத்தான் ஆகும்.

செந்தில் கையில் ஸ்கேனர் வைத்திருந்தான். இன்றைய கார்களில் செருகினால் என்ன கோளாறு என்று எழுத்தில் காட்டுமே, அந்தப் பெட்டி. அதைச் செருக இந்த லாரியில் எங்கே இடம் இருக்கிறது? அந்த வண்டி செந்திலைவிட வயதில் மூத்தது. அவன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் தேடிய தேடல் இருக்கிறதே, எனக்கு அந்த நெருக்கடியிலும் சிரிப்பு வந்தது. பிறகு பெட்டியைப் பையில் போட்டுவிட்டு, கூட வந்த பேட்டரிக் கடைக்காரரைப் பார்த்தான். அவர் இன்னொரு புதுப் பேட்டரியை இறக்கினார். மாட்டினார்கள். டக். கழற்றிவிட்டு முன்பிருந்ததையே மாட்டினார்கள். டக்.

"செல்ஃப்தான் பாய். திரும்பக் கழட்டணும்" என்றான் செந்தில்.

"இந்த வாரம்தானே கழட்டினே?"

"கார்பன் மறுபடி ஒட்டலபோல. ரெண்டு மணி நேரம் ஆவும்."

கரீம் பாய் வண்டியின் பின்னால் போய், மேலே கிடந்த ஒரு தோலில் இரண்டு விரலால் மயிரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. கையை முகர்ந்து பார்த்தார். அவருக்குக் கடிகாரம் அதுதான். திரும்பி வந்தவர் தனபாலைப் பிடித்துக்கொண்டார்.

"இன்ஜின ஆஃப் பண்ணாதேன்னு சொன்னேனா இல்லியா? லைட்ட எரியவுட்டு பேட்டரியக் கொன்னதும் நீதான். தோலு மயிர் கழண்டுச்சுன்னு வெச்சிக்கோ, நீ இந்த வண்டிய மறந்துடு. இன்னையோட எறங்கிடு."

"பாய், லைட்டே போடலை. காலு சுட்டுது பாய். செல்ஃப் போடறப்போ ஆக்ஸிலேட்டர மிதிச்சா காலு சுடுது. நாலு நாளா சொல்றேன்."

கூட்டம் சிரித்தது. செந்தில் சத்தமாகவே சொன்னான், "நேத்து இன்னா சரக்குண்ணா? காலு வரைக்கும் எறங்கியிருக்கு." பேட்டரிக் கடைக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கரீம் பாய் மட்டும் சிரிக்கவில்லை. "உன் கதைய கேக்கற நேரமா இது?" என்றார்.

தனபால் வாயை மூடிக்கொண்டான். அவன் வாயை மூடி நான் பார்த்தது அன்றுதான். கேபின் கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு, செருப்பை எடுத்தான். கீழே போட்டான். கால்களை அதில் நுழைத்துக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் நின்றான். என்னைத் தவிர ஒருவரும் கவனிக்கவில்லை. லோடு வண்டியில் இருக்கும்போது டிரைவர் செருப்பு மாட்டிக்கொண்டு கீழே நிற்கிறான் என்றால், வண்டி இனி அவனுடையது இல்லை என்று அவனே ஒப்புக்கொண்டுவிட்டான் என்று அர்த்தம். இரண்டு பெண் பிள்ளைகள் அவனுக்கு. லைசென்ஸைத் தவிர வேறு சொத்து கிடையாது. தோலைக் கெடுத்தவன் என்று பெயர் எடுத்தால் பேர்ணாம்பட்டு முதல் மேல்விஷாரம் வரை எந்த மண்டியிலும் சாவி தரமாட்டார்கள்.

இப்போது கவனியுங்கள், இங்கேதான் தொழில் இருக்கிறது.

நான் தனபாலை நம்பினவன் இல்லை. அந்தக் கூட்டத்தில் அவன் பொய்களை அதிகம் கேட்டவன் நானாகத்தான் இருப்பேன். ஆனால் அவன் பொய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லாப் பொய்யிலும் அவன்தான் வீரன். மலை ஏறுவான், வண்டியைக் காலால் நிறுத்துவான். இந்தப் பேச்சில் வீரம் எங்கே இருக்கிறது? காலு சுடுது என்று சொல்லி நாலு நாளாக ஊர் சிரிக்கக் கேலிக்கு ஆளாகிறவனுக்கு என்ன லாபம்? லாபம் இல்லாத பொய்யை எந்தப் பொய்யனும் சொல்லமாட்டான். அவன் வாய் பொய் சொல்லும். வெறுங்கால் எதற்குப் பொய் சொல்லப்போகிறது?

அப்படியானால் ஆக்ஸிலேட்டர் பெடல் ஏன் சுட வேண்டும்? பெடலிலிருந்து இன்ஜினுக்குப் போவது ஒரு மெல்லிய கம்பி வயர். அதில் கரண்ட்டுக்கு வேலையே கிடையாது. வேலை இல்லாத இடத்தில் கரண்ட் ஓடுகிறது என்றால், அதற்கு ஓட வேண்டிய வழி அடைபட்டிருக்கிறது.

"செந்தில், கழட்டாதே. இரு" என்றேன். அவன் அதற்குள் வண்டிக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்திருந்தான்.

"இன்னாண்ணா?"

"எர்த் பார்த்தியா?"

"பார்த்தேண்ணா. மொத வேலையே அதான் பார்த்தேன். புத்தம் புதுசா இருக்கு, போல்ட்டும் டைட்டு."

பார்த்தானாம். கண்ணால் பார்த்தானாம். தம்பிகளே, பேட்டரியிலிருந்து இன்ஜினுக்குக் கரண்ட் தடி வயரில் போகிறது, அது எல்லோருக்கும் தெரியும். போனது திரும்பி வர வேண்டாமா? இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மேல். ரப்பர் வழியாகக் கரண்ட் வராது. அதனால் இன்ஜினையும் சேஸிஸையும் ஒரு செம்புப் பட்டை போட்டு இணைத்திருப்பார்கள். சேஸிஸ் பேட்டரியின் மைனஸோடு சேர்ந்திருக்கும். அந்தப் பட்டைதான் திரும்பி வரும் வழி, அதைத்தான் நாம் எர்த் என்கிறோம். உங்களில் முக்கால்வாசிப் பேருக்குப் போகிற வழி மேல்தான் அக்கறை. திரும்பி வரும் வழியைக் கண்ணால் பார்த்துவிட்டு, புதுசாக இருக்கிறது என்று சான்றிதழ் தருகிறீர்கள்.

நான் கரீம் பாயிடம் சொன்னேன், "பாய், ஒரு தடவ தனபால் ஏறட்டும். ஒரே தடவ."

"அவனா? வேணாம். செந்தில் பார்க்கட்டும், நேரம் ஜாஸ்தி ஆவுது."

"செந்தில் ரெண்டு மணி நேரம் கேக்கறான். நான் ரெண்டு நிமிஷம் கேக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார், செந்திலைப் பார்த்தார், மறுபடி வண்டியின் பின்னால் போய் மயிரை இழுத்தார். இந்த முறை விரலில் நாலைந்து மயிர் ஒட்டிக்கொண்டு வந்தது. கையை ஜிப்பாவில் துடைத்தார். "இன்னாவோ செய்" என்றார்.

நான் தனபாலைக் கூப்பிட்டேன். சுவரை விட்டு மெதுவாக வந்தான், செருப்போடு படியில் காலை வைத்தான்.

"செருப்பக் கழட்டிட்டு ஏறுடா."

"வேணாண்ணா. அதான் எறங்கச் சொல்ட்டாரே."

"எனக்கு உன் காலுதான் வேணும். கழட்டு."

தெருவிலேயே கழற்றிவிட்டு ஏறினான். ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன். பளிச்சென்று எரிந்தது. "இப்ப மிதிச்சிக்கிட்டே செல்ஃப் போடு" என்று சொல்லிவிட்டு, நான் கேபினுக்கு வெளியே, ஆக்ஸிலேட்டர் வயர் இன்ஜினில் மாட்டுகிற இடத்தைப் பிடித்துக்கொண்டேன். டக் என்றது. ஹெட்லைட் சும்மா லேசாகக் கண் சிமிட்டியது. செல்ஃப் ஒழுங்காக இழுத்தால் விளக்கு மங்கிவிடும், நீங்களே தினமும் பார்ப்பதுதான். இங்கே கரண்ட் போகவே வழி இல்லாமல் திணறியது. என் விரல்களுக்கு அடியில் அந்த மெல்லிய வயர் அடுப்புக் கம்பி போலச் சுட்டது. கையை உதறிக்கொண்டேன்.

உள்ளிருந்து தனபால் கத்தினான், "சுடுதுண்ணா! இப்ப நம்பறியா?"

"நம்பறேன்டா. வாய மூடு."

பேட்டரிக் கடைக்காரரிடம் ஜம்பர் கேபிள் இருந்தது. புதுப் பேட்டரி விற்பதற்காகக் கொண்டுவந்த மனிதர், கேபிளைத் தருவதற்கு முகத்தைச் சுளித்தார். வாங்கி, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் கடித்து மாட்டினேன். மறுமுனையை நேராக இன்ஜின் உடம்பில், பெயிண்ட் படாத ஒரு இரும்பில் மாட்டினேன். நடுவில் சேஸிஸே இல்லை.

"போடு."

செல்ஃப் உருமிக்கொண்டு சுற்றியது. இன்ஜின் ஒரு இருமல் இருமி, கரும்புகை கக்கி, பிடித்துக்கொண்டது. புகை நேராக அந்த அம்மா வீட்டுக்குள்தான் போனது. இந்த முறை அவர் கதவை மட்டும் சாத்திக்கொண்டார்.

ஆட்கள் லாரியின் பின்கதவைப் பூட்டும் நேரத்தில் நான் அந்த எர்த் பட்டையின் போல்ட்டைத் தளர்த்தி, பட்டையை விலக்கி, ஸ்க்ரூ டிரைவரால் சேஸிஸைச் சுரண்டினேன். மேலே கறுப்புப் பெயிண்ட், கண்ணாடி மாதிரி. அதற்குக் கீழே துரு. துருவோடு கலந்து பொருபொருவென்று உப்பு. பெயிண்ட் அடித்தவர்கள் பட்டையைக் கழற்றியிருக்கிறார்கள். பல வருட உப்பைக் கழுவாமல், துருவைச் சுரண்டாமல், அதன் மேலேயே பெயிண்டை அப்பி, அது காய்ந்ததும் பட்டையைத் திரும்ப முடுக்கியிருக்கிறார்கள். துரு மேல் பெயிண்ட், பெயிண்ட் மேல் பட்டை. போல்ட் டைட்டுதான், செந்தில் சொன்னது பொய்யில்லை. பெயிண்ட் வழியாகக் கரண்ட் வராது என்பது மட்டும்தான் அவனுக்கு மறந்துபோயிற்று. அதையும் மீறிக் கரண்ட்டைத் திருப்பி அனுப்பியது தனபாலின் காலடியில் இருந்த கம்பி.

சுரண்டியதைக் கரீம் பாயிடம் உள்ளங்கையில் நீட்டினேன். தோல் வியாபாரிக்கு உப்பை அறிமுகம் செய்ய வேண்டுமா? விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"கழுவ நாள் ஆவும்னாங்க" என்றார் மெதுவாக. "எஃப்.சி. தேதி கிட்ட வந்துடுச்சி. மேலயே அடிங்கடான்னு நான்தான் சொன்னேன்."

உப்பு அவருடையது, பெயிண்ட் அவருடையது, அவசரம் அவருடையது. பழி மட்டும் கணியம்பாடிக்காரனுக்கு. செந்தில் ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான், எங்கள் பக்கம் திரும்பவில்லை. சிரித்த கூட்டம் தானாகக் கலைந்தது. சிரிப்பதற்கு வருகிற கூட்டம் மன்னிப்புக் கேட்பதற்கு நிற்காது.

கேபிளை அப்படியே கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்து, "மண்டி வாசல் வரைக்கும் எங்கயும் அணைக்காதே, போ" என்றேன். தனபால் கியரைப் போட்டு மேட்டில் ஏற்றி, ஹாரன் அடித்துக்கொண்டே ரோட்டுக்குப் போய்விட்டான். அன்று மேலடுக்கில் கொஞ்சம் போயிற்று, மீதியெல்லாம் நேரத்துக்கு உப்பைப் பார்த்தது. அன்று சாயங்காலமே அவன் மண்டியில், வெறும் காலை வைத்தே கோளாறைக் கண்டுபிடித்துக் காட்டினேன் என்று கதை விட்டிருக்கிறான். கதையில் நான் எங்கும் இல்லையாம். அவன் சொன்ன கதைகளிலேயே அது ஒன்றுதான் பாதிக்கு மேல் நிஜம், அதனால் நான் போய்த் திருத்தவில்லை.

நீங்கள் அந்தச் சந்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சிரித்திருப்பீர்கள். சிரித்துவிட்டு செல்ஃப் மோட்டாரைக் கழற்றியிருப்பீர்கள். நீங்கள் வேலையை முடிக்கும்போது தோலும் முடிந்திருக்கும், ஒருவன் பிழைப்பும் முடிந்திருக்கும். பில்லில் மட்டும் "செல்ஃப் சர்வீஸ்" என்று எழுதியிருப்பீர்கள்.

லாரி போன பிறகு சந்து வெறிச்சென்று ஆயிற்று. நான் ஸ்கூட்டர் அருகில் போய் நின்றேன். கரீம் பாய் வரக் காணோம். திரும்பிப் பார்த்தேன். வண்டி நின்றிருந்த இடத்தில், ரத்தமும் உப்புத் தூளும் சிந்திய தரையில், தனபாலின் செருப்பு ஜோடி கிடந்தது. அவசரத்தில் விட்டுவிட்டு வெறுங்காலோடு போயிருந்தான். கரீம் பாய் அதன் எதிரில் சிறிது நேரம் நின்றார். அக்கம் பக்கம் பார்க்கவில்லை. பண்டிகை ஜிப்பாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து, இரண்டு செருப்பையும் கையில் எடுத்தார். ஒன்றோடொன்று தட்டி மண்ணை உதறினார். கொண்டுவந்து, மார்க்கெட் பை மாட்டுகிற ஸ்கூட்டரின் முன் கொக்கியில் மாட்டினார்.

"போலாமா மாணிக்கம்" என்றார்.

ஆம்பூர் வரும்வரை செருப்பு அவர் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.